படகு பார்க்கப் போன கதை

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நிகழ்ச்சி நிரலில் எங்கள் உரைக்கு ‘நூற்றாண்டு நினைவுப் படகு: குழுவின் அறிக்கை’ என்று பெயர் இட்டிருக்கிறார்கள். படகுக் குழு நான்கு பேரைக் கொண்டது. ஒருவர் வைத்தியர், ஒருவர் குடும்பநல உத்தியோகத்தர், ஒருவர் வங்கியில் கடன் பகுதியில் இருப்பவர், ஒருவர் கணித ஆசிரியை. நால்வரும் இந்த மண்டபத்துக்குப் பின்னால் இருந்த ஓலைக் கொட்டிலில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். மேடைக்கு அனுப்பப்பட்டது வைத்தியர்தான் என்றாலும் பேசப்போவது நால்வரின் பேச்சு. ஆகவே ‘நாங்கள்’ என்றே சொல்லிக்கொண்டு போகிறோம்.

எங்களைக் குழுவாகத் தெரிந்தபோது ஊரில் ஒரு பகிடி உலாவியது. “புத்தூராரிட்டைப் போய்ப் படகு வாங்கச் சொல்லியிருக்கினம்” என்று. நியாயமான பகிடிதான். நமது ஊர் செம்மண் ஊர். வெங்காயம், புகையிலை, கிணறு, துலா, மாட்டு வண்டில் என்று வளர்ந்தவர்கள் நாம். கிழக்கே வாதரவத்தைப் பக்கம் போனால் உப்பு நீர் இருக்கிறது. ஆனால் அதை நாம் கடல் என்று சொல்வதில்லை.

எங்கள் வகுப்பில் முதன்முதலாகப் படகேறியவர்கள் உல்லாசத்துக்காக ஏறவில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது எங்களுக்குப் பதினாலு, பதினைந்து வயது. அதன்பிறகு எங்களில் இருவர் குடும்பத்தோடு கிளாலியில் படகேறினோம். இயந்திரம் பூட்டிய ஒரு படகின் பின்னால் மற்றப் படகுகளைக் கயிற்றில் தொடுத்து இருட்டில் இழுத்துச் சென்ற பயணம் அது. படகென்றால் எங்களுக்கு நெடுநாளாக அந்த நனைந்த கயிறுதான் ஞாபகம்.

இப்படிப்பட்ட நால்வரிடம் சங்கம் ஒப்படைத்த காரியம் இது. நூற்றாண்டு நிதியில் ஒரு படகு வாங்க வேண்டும். தீவுப் பகுதி நோயாளரை ஏற்றுவதற்கு அதைக் கொடுக்க வேண்டும். பக்கவாட்டில் பாடசாலையின் பெயர் எழுதப்பட வேண்டும்.

யோசனை நல்ல யோசனை. நமது தீவுகளில் வேலணை, புங்குடுதீவு, காரைநகர் முதலியவற்றுக்குத் தரைப்பாதை உண்டு. மக்கள் வாழும் நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு ஆகியவற்றுக்கு இன்றும் கடல்தான் பாதை. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் வரச் சாதாரண பயணிகள் படகுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் வேண்டும். அதன்பின் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குத் தரைவழி. தீவாருக்குப் படகு என்பது பஸ், அம்புலன்ஸ், தபால் வண்டி எல்லாம். 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் குழந்தைகள் உட்பட முப்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதை அவர்கள் ஆண்டுதோறும் நினைவுகூருகிறார்கள். படகு அவர்களுக்கு வீட்டின் இன்னொரு அறை மாதிரி.

எங்களில் இருவருக்கு இந்த விடயத்தில் ஒரு பழைய கடனும் இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறோம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தீவு வைத்தியசாலையில் வைத்தியராகவும் குடும்பநல உத்தியோகத்தராகவும் ஒரே காலத்தில் நாங்கள் இருவரும் இருந்தோம். ஆவணி மாதம், சோளகக் காற்று. பிரசவத்தின் பின் ஒரு தாய்க்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை. நிறைமாதத்தில் கருப்பைக்குப் பாயும் இரத்தம் நிமிடத்துக்கு அரை லீற்றருக்கும் அதிகம். அந்த வாய்க்கால் அடைபடாவிட்டால் என்ன நடக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. இராத்திரி பதினொரு மணிக்கு ஒரு திறந்த மீன்பிடிப் படகின் அடித்தட்டில் பாயை விரித்து அவரைக் கிடத்தி, மேலே பொலித்தீன் பிடித்து, சேலைனைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தோம். நடுக்கடலில் இயந்திரம் நின்றுவிட்டது. படகோட்டி கயிற்றை இழுக்கிறார், இழுக்கிறார், பிடிக்கவில்லை. ஒருவர் வயிற்றை அழுத்திப் பிடித்திருக்க, மற்றவர் ரோர்ச் வெளிச்சத்தில் நாடி பார்த்தபடி இருக்க, இருபது நிமிடம் போனது. பிறகு இயந்திரம் பிடித்தது. அந்தத் தாய் பிழைத்தார். ஆனால் அந்த இருபது நிமிடம் எங்களை விட்டுப் போகவில்லை.

ஆகையால் ‘படகு’ என்றதும் நாங்கள் உடனே ஓமென்றோம்.

அடுத்த கிழமையே இங்கிலாந்திலிருந்து எங்கள் மூத்த அக்கா ஒருவர் படங்களை அனுப்பினார். தென்பகுதிக் கரையொன்றில் விற்பனைக்கு நின்ற வெள்ளைப் படகு. அறை வைத்த உல்லாசப் படகு, 34 அடி, இரட்டை டீசல் இயந்திரம். உள்ளே படுக்கை, குளிர்பெட்டி, சின்னச் சமையலறை, மேல்தட்டில் இன்னொரு சுக்கான். விலை, எங்கள் நிதியில் ஏறக்குறைய முழுவதும். படம் வட்ஸ்அப்பில் சுற்றி வந்த ஒரே இரவில் அது ‘எங்கட படகு’ ஆகிவிட்டது. பாடசாலைச் சின்னத்தை அதன் மேல் ஒட்டிக் கனடாவிலிருந்து ஒருவர் படம்கூட அனுப்பிவிட்டார்.

நாங்கள் போய்ப் பார்த்தோம். துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போனோம். அவர் கப்பல் பொறியியலாளர் அல்ல; நமது ஊரில் நீரிறைக்கும் மிசின் திருத்துகிற அண்ணை. பலர் சிரித்தார்கள். ஆனால் இந்தப் பயணத்தில் நாங்கள் கற்ற முதற்பாடம் அவரிடம்தான்.

விற்பனைக்காரர் படகை மினுக்கி நிறுத்தி, பாட்டும் போட்டு, இளநீரும் தந்தார். அண்ணை நேரே கீழே இறங்கி இயந்திரத்தின் மேல் கையை வைத்தார். சூடு. மேலே வந்து எங்களுக்கு மட்டும் கேட்கச் சொன்னார்: “மாடு விக்கிறவன் சந்தைக்குக் கொண்டுவர முதல் வயிறு முட்டத் தண்ணி காட்டுவான். இது தண்ணி காட்டின மாடு. நாளைக்குக் காலமை சொல்லாமல் வருவம்.”

மறுநாள் காலை ஆறு மணிக்குப் போனோம். குளிர்ந்து கிடந்த இயந்திரத்தை முடுக்கச் சொன்னோம். குளிரில் முடுக்கும்போது கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை வரலாம், அது பெரிய குற்றமில்லை. கறுப்புப் புகை தொடர்ந்து வந்தால் எரிபொருள் சரியாக எரியவில்லை, அல்லது இயந்திரத்துக்குச் சுமை கூடியிருக்கிறது. நீலப் புகை வந்தால் இயந்திரம் எண்ணெயைத் தின்கிறது. எண்ணெய் பார்க்கும் கம்பியை இழுத்தால் பால் தேநீர் நிறம் தெரிந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. இவை புத்தூரில் வெங்காயத்துக்கு இறைக்கிற எவருக்கும் தெரிந்த விடயங்கள். அந்த வெள்ளைப் படகின் ஒரு இயந்திரம் நீலமாகவே புகைத்தது. பத்து நிமிடமாகியும் நிறம் மாறவில்லை.

அடுத்து உடலைப் பார்த்தோம். இங்கே வைத்தியருக்கு வேலை வந்தது. நெஞ்சின் மேல் ஒரு விரலை வைத்து மறுவிரலால் தட்டிப் பார்க்கும் பரிசோதனையை நீங்கள் எல்லோரும் அனுபவித்திருப்பீர்கள். அதை 1761இல் எழுதி வெளியிட்டவர் லியோபோல்ட் அவுன்புருக்கர் என்ற ஒஸ்திரிய வைத்தியர். அவருடைய தந்தை விடுதி நடத்தியவர். பீப்பாயில் எவ்வளவு வைன் மிச்சமிருக்கிறது என்று தட்டிப் பார்ப்பதைச் சிறுவயதில் கண்டவர், அதையே மனித நெஞ்சுக்குக் கொண்டுவந்தார் என்பார்கள். கண்ணாடியிழைப் படகையும் அப்படியே தட்டிப் பார்க்கலாம் என்பது எங்களுக்கு அன்றுதான் தெரியும். சிறு மரச்சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடம் கணீரென்று கேட்கும். படைகள் பிரிந்திருந்தால், அல்லது உள்ளே வைத்த பலகை நனைந்து உக்கியிருந்தால், மந்தமாகக் கேட்கும். நெஞ்சில் நீர் கட்டினால் கேட்கும் அதே மந்தம். பின்பக்கத்தில், இயந்திரங்களின் சுமையைத் தாங்கும் இடத்துக்கு அண்மையில், இரண்டு உள்ளங்கை அளவு இடத்தில் அந்த மந்தம் கேட்டது. புதுப் பெயின்ற் அதன் மேல்தான் தடிப்பாக இருந்தது.

இவை எல்லாம் திருத்தக்கூடிய நோய்கள் என்று வைத்துக்கொள்வோம். திருத்த முடியாத ஒன்றை நாங்கள் கொண்டுபோன சாமான்தான் காட்டியது. அது மடிக்கிற தூக்குப்படுக்கை.

கணித ஆசிரியையை அதில் படுக்க வைத்தோம். அவர் சேலையோடு படுத்தார். மூவரும் அண்ணையும் தூக்கினோம். அறை வாசலின் அகலம் 20 அங்குலம். படுக்கையின் அகலம் 22. சரித்துக் கொண்டுபோகலாம் என்று பார்த்தால், வாசலுக்கு உள்ளே மூன்று படி இறக்கம், இறங்கியதும் ஒரு திருப்பம், திருப்பத்தில் குளிர்பெட்டி. “விடுங்கோடி, நான் நடந்து போறன்!” என்று நோயாளி சத்தம் போட்டார். நடக்கக்கூடிய நோயாளிக்கு இந்தப் படகு அருமையான படகு. நடக்க முடியாதவருக்கு அந்த அறையில் இடமில்லை.

மேலும் இரண்டு கணக்குகள். முழு வேகத்தில் டீசல் இயந்திரம் ஒரு குதிரைவலுவுக்கு மணிக்கு ஏறத்தாழ 0.2 லீற்றர் குடிக்கும். இருநூறு குதிரைவலு வீதம் இரண்டு இயந்திரம் என்றால் மணிக்கு 80 லீற்றர். ஒரு நோயாளியை இறக்கிவிட்டுத் திரும்பிப் போக எவ்வளவு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்தது, வங்கித் தங்கை சொன்ன கணக்கு. படகு வைத்திருப்பவர்களிடையே ஒரு பொது மதிப்பீடு உண்டு: வாங்கிய விலையில் பத்திலொரு பங்கு ஒவ்வோர் ஆண்டும் பராமரிப்புக்குப் போகும். உப்புநீர் உலோகத்தைத் தின்னும்; அதற்காகவே அடியில் துத்தநாகக் கட்டிகளைப் பூட்டி, அவை கரையக் கரைய மாற்ற வேண்டும். அடிப்புறத்தில் பாசியும் சிப்பியும் படியும். ஆண்டுதோறும் கரையேற்றிச் சுரண்டிப் பூச வேண்டும். முழு நிதியையும் விலைக்கே கொடுத்துவிட்டால் அடுத்த ஆண்டு இதற்கு யார் பணம் தருவார்?

நிலாவரைக் கிணற்றை நினைத்துப் பாருங்கள். மேலே அள்ளினால் நல்ல தண்ணீர். ஆழம் போகப் போக உவர். படகின் விலைப்பட்டியலும் அப்படித்தான். மேலே எழுதியிருப்பது இனிப்பாக இருக்கும்.

வெள்ளைப் படகை விட்டுவிட்டு யாழ்ப்பாணம் திரும்பினோம். இரண்டாவதாகப் பார்த்தது ஒரு றோலர். கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடித் தொழில் 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கையில் தடைசெய்யப்பட்டது. ஆகவே உள்ளூர் றோலர்களை மலிவாக வாங்கி வேறு தேவைக்கு மாற்றலாம் என்று சிலர் ஆலோசனை சொன்னார்கள். நாங்கள் பார்த்த படகு 36 அடி. பலமான உடல், அகலமான தட்டு. தூக்குப்படுக்கை என்ன, கட்டிலையே வைக்கலாம். உரிமையாளர் வயதான ஒரு சம்மாட்டியார். படகின் குறை ஒவ்வொன்றையும் நாங்கள் கேட்கு முன்பே அவரே சொன்னார். அது எங்களுக்குப் பெரிய ஆறுதல்.

ஆனால் கணித ஆசிரியை ஒரு கடதாசித் துண்டில் எதையோ எழுதிக் காட்டினார். தண்ணீரைப் பிளந்துகொண்டு போகும் கனமான படகுக்கு ஓர் எல்லை வேகம் உண்டு. நீர்மட்டத்தில் படகின் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் வருவது, மணிக்கு இத்தனை கடல்மைல். நீர்மட்டத்திலும் 36 அடி என்றே தாராளமாக வைத்தாலும் வர்க்கமூலம் 6, பெருக்கினால் 8. இயந்திரத்தின் வலுவை இரட்டித்தாலும் அந்த உடல் அதற்கு மேல் பெரிதாக ஓடாது. எண்ணெய்தான் கூட எரியும். முன்வரிசைப் பிள்ளைகளே, வர்க்கமூலம் எதற்கு உதவும் என்று கேட்டீர்களாம். இதற்கு உதவும்.

சம்மாட்டியார் அந்தக் கடதாசியைப் பார்த்துத் தலையாட்டினார். “பிள்ளையள், இது மீனுக்குச் செய்த படகு. சுணங்கினால் மீனை ஐசிலை வைக்கலாம். மனிசரை வைக்கேலாது.” தன் படகை விற்க வந்த மனிதர் தன் வாயால் சொன்னது இது. மீன்பிடிப் படகாகப் பதிந்ததை ஆட்களை ஏற்றும் படகாக மாற்றுவதென்றால் தகுதிச் சான்றிதழ் புதிதாக எடுக்க வேண்டும் என்பதையும் அவரே ஞாபகப்படுத்தினார். தேநீர் தந்து அனுப்பினார்.

அடுத்து வல்வெட்டித்துறைக்குப் போனோம். அங்கு ஒரு முதிய ஓடாவியாரைச் சந்தித்தோம். படகு கட்டுவதில் அந்த ஊரின் பெயர் சின்னப் பெயர் அல்ல. அங்கு கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை 1930களில் வில்லியம் ரொபின்சன் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். அவர் சிறிய பாய்ப்படகொன்றில் ஏற்கெனவே உலகைச் சுற்றி வந்தவர். கப்பலைப் பார்த்து மதிப்பிடத் தெரிந்தவர். ஏறத்தாழ 90 அடி நீளமான அந்தக் கப்பல் அவர் மனைவியின் பெயரால் ‘புளோரன்ஸ் சி. ரொபின்சன்’ ஆகி, வல்வெட்டித்துறை மாலுமிகளால் செலுத்தப்பட்டு, 1938 ஓகஸ்டில் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. நல்ல படகு தேடிய வெளிநாட்டார் நமது கரைக்கு வந்து வாங்கிப் போன காலம் அது. நாமோ நமது கடலுக்கு வேறெங்கோ கட்டிய வெள்ளைப் படகைத் தேடிக்கொண்டிருந்தோம்.

ஓடாவியார் நாங்கள் காட்டிய படங்களைப் பார்க்கவேயில்லை. மூன்று கேள்வி கேட்டார். “எந்தக் கடல்? எந்தக் காத்து? ஆர் ஓட்டுறது?”

முதலாவதற்குப் பதில் சொன்னோம்: தீவுக் கடல். “அங்கை ஆழம் குறைவு. கீழே கல்லு. அடி ஆழமாய் இறங்கிற படகு துறைக்குக் கிட்டப் போகாது” என்றார். இரண்டாவதற்கும் ஒருவாறு சொன்னோம்: நோய் காற்றுப் பார்த்து வருவதில்லை, சோளகத்திலும் வரும், வாடையிலும் வரும். “அப்ப மேல்மாடி வைச்சது வேண்டாம். காத்துப் பிடிக்கும், உருளும்” என்றார். மூன்றாவது கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. இரண்டு மாதமாகப் படகு தேடியும், யார் ஓட்டுவது என்று நாங்கள் ஒருவரையும் கேட்கவில்லை. நோயாளியைப் பார்க்காமல் மருந்துக்கடையில் நின்று மருந்து தெரிந்துகொண்டிருந்திருக்கிறோம். வைத்தியருக்கு இது வெட்கக்கேடு. இந்த மேடையில் அதை ஒப்புக்கொள்கிறோம்.

ஆகவே தீவுக்குப் போனோம். அங்கே அவசர நோயாளரை ஏற்றி வரும் படகோட்டி ஒருவரையும், அங்கு வேலை செய்யும் குடும்பநல உத்தியோகத்தரையும், இரண்டு பிள்ளைகளின் தாய் ஒருவரையும் இருத்திக் கேட்டோம். படகோட்டியின் படகு 28 அடிக் கண்ணாடியிழைப் படகு. நாற்பது குதிரைவலு வெளியிணைப்பு இயந்திரம் ஒன்று. முழு வேகத்தில் மணிக்கு 15 லீற்றர் அளவில் எரியும். உதிரிப்பாகம் யாழ்ப்பாணம் ரவுணில் அன்றன்றே எடுக்கலாம். திருத்தவும் அவருக்கே தெரியும். தட்டிப் பார்த்தோம். அணியம் முதல் பின்பக்கம் வரை கணீரென்றது.

“உங்களுக்கு என்ன படகு வேணும் அண்ணை?” என்று கேட்டோம்.

“படகு இருக்குது, பிள்ளை” என்றார். “இரண்டாவது இஞ்சின்தான் இல்லை.”

எங்களில் இருவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மற்ற இருவருக்கும் காரணம் தெரியும்.

குடும்பநல உத்தியோகத்தர் சொன்னார்: “மேலே ஒரு கூரையும் பக்கத்துக்கு மறைப்பும் வேணும் அக்கா. தாய்மாரை எல்லாரும் பார்க்கக் கிடத்திக் கொண்டுபோறம். படுக்கையை இறுக்கிப் பூட்ட ஒரு சட்டம் வேணும். இப்ப ஆடாமல் நாங்கள் காலாலை முண்டு குடுக்கிறம். ஒட்சிசன் சிலிண்டர் உருளாமல் நிக்க ஓரிடம் வேணும்.” அந்தத் தாய் சொன்னது சின்ன விடயம்: “பிள்ளையளின்ர அளவுக்கு உயிர்காப்பு அங்கி இல்லை. பெரிய ஆக்களின்ரயைப் போட்டால் தலையாலை கழண்டு போகுது.” கடைசியாகப் படகோட்டி கொஞ்சம் தயங்கி, இரவில் அவசரமாக வெளிக்கிடும்போது எண்ணெய்க்குக் கடன் சொல்ல வேண்டியிருக்கிறது என்றார்.

இவை நாங்கள் எழுதிய பட்டியல் அல்ல, அவர்கள் சொன்னது. இதன்படி எங்கள் பரிந்துரை இதுதான். புதுப் படகு வாங்க வேண்டாம். அந்தப் படகுக்கும், அதேபோல் அவசர நோயாளரை ஏற்றும் இன்னொரு தீவுப் படகுக்கும், தனித்து இயங்கும் இரண்டாவது இயந்திரம் ஒவ்வொன்று. கூரை, மறைப்பு, படுக்கைச் சட்டம், சிலிண்டர் பிடி. சிறுவர், பெரியவர் இரு அளவிலும் உயிர்காப்பு அங்கிகள். இதற்கு நிதியில் பாதிக்கும் குறைவாகவே போகும். மிச்சத்தை நிலையான வைப்பில் இட்டு, வட்டியை அவசர எண்ணெய்க்கும் ஆண்டுப் பராமரிப்புக்கும் மட்டும் கொடுப்பது. கணக்கை ஆண்டுதோறும் இந்தச் சபையில் வாசிப்பது.

இதை அறிவித்தபோது எல்லோரும் மகிழ்ந்தார்கள் என்று சொன்னால் பொய். படம் அனுப்பிய அக்கா தொலைபேசியில் மிகவும் மனம் நொந்தார். “நூறு வருஷத்துக்கு நாங்கள் குடுக்கிறது ஒரு இஞ்சினும் ஒரு கூரையுமோ? ஆர் அதைப் பார்த்து எங்கட பள்ளிக்கூடம் எண்டு சொல்லுவினம்?” என்று கேட்டார். அந்தக் கேள்வியை இலேசாக எடுக்க எங்களால் முடியவில்லை. கடுங்குளிரில் இரண்டு வேலை செய்து சேர்த்த காசை அனுப்பியவர் அவர். தூரத்தில் இருப்பவருக்குக் கண்ணால் காணக்கூடிய ஒன்று வேண்டும் என்பதும் நியாயமே. நாங்கள் அந்த இருபது நிமிடத்தை அவருக்குச் சொன்னோம். அதுவரை யாருக்கும் அதை முழுதாகச் சொன்னதில்லை. அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “வெள்ளைப் படகாய் இருந்தாலும் ஒரு இஞ்சின் நிண்டால் மற்றது ஓடியிருக்கும் தானே?” என்றார். ஓடியிருக்கும் அக்கா. ஆனால் அந்தத் தாயை அறைக்குள் எங்களால் கொண்டுபோயிருக்க முடியாது. மூன்றாம் ஆண்டு அது எண்ணெயில்லாமல் துறையில் கட்டிக் கிடந்திருக்கும்.

அவர் இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறார். முற்றாகச் சமாதானம் ஆகிவிட்டார் என்று நாங்கள் சொல்லமாட்டோம். ஆனால் நேற்று அவர் எங்களோடு தீவுக்கு வந்தார். அலையில் நனைந்தார். திரும்பி வரும்போது, சின்னப்பிள்ளைகளின் அங்கிகளுக்கான செலவைத் தானே தருவதாகச் சொன்னார். நிறம் மட்டும் பாடசாலையின் நிறமாக இருக்க வேண்டுமாம். நாங்கள் செம்மஞ்சள் நிறம்தான் கடலில் தூரத்தில் தெரியும் என்றோம். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

அன்புச் சகோதரிகளே, இந்தப் பயணத்தில் நாங்கள் ஊரிலே தெரிந்துகொண்டவற்றையே பாவித்தோம். மாடு வாங்குகிறவன் முதல்நாள் காண்பதை நம்பமாட்டான். கிணறு வைத்திருப்பவன் ஆழத்தில் உவர் இருப்பதை மறக்கமாட்டான். மிசின் வைத்திருப்பவன் புகையின் நிறத்தைப் பார்ப்பான். இவை மூன்றும் புத்தூராருக்குத் தெரியும். நாங்கள் மறந்திருந்தது நான்காவது ஒன்றை: கொடுக்கப் போகிறவன் முதலில் வாங்கப் போகிறவரிடம் கேட்க வேண்டும். அதை ஓடாவியார் சொல்லித் தந்தார்.

இந்த அறிக்கையைச் சபை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். ஏற்காவிட்டால் காரணத்தைச் சொல்லுங்கள். எழுதிக்கொண்டு மீண்டும் தீவுக்குப் போய்க் கேட்டு வருவோம். ஏற்றுக்கொண்டால் பாடசாலையின் பெயர் படகின் பக்கவாட்டில் பெரிதாக வராது. இரண்டாவது இயந்திரத்தின் மூடியில் உள்ளங்கை அளவு தகட்டில் வரும். முதலாவது இயந்திரம் நின்றுபோன இரவில் மட்டும்தான் அதை யாராவது ரோர்ச் அடித்துப் பார்ப்பார்கள். அந்த வேளையில் அங்கே நம் பெயர் இருந்தால் எங்களுக்குப் போதும்.